மூன்று மாதக் கண் மங்கல்

கொளஞ்சியப்பனுக்கு நாற்பத்தொன்பது வயதில் இரண்டு நல்ல சேதிகள் ஒரே வாரத்தில் வந்தன. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஒரு நல்ல சேதி வந்தால் என்ன செய்வது என்பதே அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு வந்ததும் ஆள் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

2012 பிப்ரவரி. திங்கட்கிழமை, மகள் எழில்மதிக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றிய மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக ஈமெயில் வந்தது. வியாழக்கிழமை, சுரங்கத்து டைம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் பர்மனென்ட் ஆகப்போகும் கான்ட்ராக்ட் தொழிலாளர் பட்டியல் ஒட்டப்பட்டது. அறுபத்து நான்கு பெயர்கள். கொளஞ்சியப்பன் முப்பத்தேழாவது.

நெய்வேலியில் பர்மனென்ட் என்பது ஒரு வேலையின் பெயரல்ல, ஒரு மனித இனத்தின் பெயர். பர்மனென்ட்டுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, குவார்ட்டர்ஸில் குழாய் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு. பெண் கேட்டுப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் நாற்காலி வந்துவிடும். கொளஞ்சியப்பன் இருபத்தொரு வருடமாக நாற்காலி வராத இனத்தில் இருந்தார். கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் மண்ணை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவர் வேலை. இதற்குள் ஐந்து கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். மண் மாறவில்லை.

அவர் பிறந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, எதிரே வெறும் காற்றில் ஓர் இடத்தைக் கைகாட்டி, "அங்க" என்பார். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் வந்தது, சிலருக்கு வேலையும் வந்தது. கொளஞ்சியப்பனின் அப்பா அந்த ஊரின் எல்லா நிலத்திலும் வேலை செய்தவர், எந்த நிலமும் அவருடையதல்ல. ஆகவே அவர் எதையும் இழக்கவில்லை என்று ஆயிற்று. குடும்பம் முத்தாண்டிக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனைவி செங்கமலம் பண்ருட்டி முந்திரிக் கொட்டகையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். தோல் எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்களைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"கோட்ரஸ்ல கக்கூஸு வூட்டுக்குள்ளாறவே இருக்குமா?"

"ரெண்டு இருக்குமாம்."

"ரெண்டு எதுக்கு? இருக்கறதே மூணு பேரு."

"ஒருத்திதான் இங்கிலாந்து போவப் போறாளே. ஆளுக்கு ஒண்ணு."

செங்கமலம் சிரித்தாள். உள்ளே உதவித்தொகை அறிவிப்புக் காகிதங்களை விரித்து வைத்திருந்த எழில்மதி சிரிக்கவில்லை.

இடம் வருவதற்கு முன்பே பணம் தேடும் படலம் தொடங்கியிருந்தது. சென்னை அரசுக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி வந்து, டவுன்ஷிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எழில்மதி, மனிதர்கள் வெளிநாட்டுப் படிப்புக்கு எப்படியெல்லாம் உதவுகிறார்கள் என்று ஆறு மாதம் படித்தாள். அந்தப் படிப்பிலும் முதல் வகுப்பில் தேறினாள் என்றே சொல்ல வேண்டும். வங்கி தாராளமாகக் கடன் தரத் தயாராக இருந்தது. அதற்கு ஈடாக ஒரு வீடு போதும், பட்டா உள்ள வீடு. சென்னையில் ஒரு தனியார் அறக்கட்டளை வட்டியில்லாமலே தந்தது. அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட மூன்று வருடச் சம்பளச் சீட்டு வைத்திருக்கும் ஒரு பர்மனென்ட் ஊழியர் போதும். டவுன்ஷிப்பில் சேவை செய்யும் ஒரு சங்கம், ஏழை மாணவி என்று கேள்விப்பட்டு மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைப் பரிசளித்தது. இடமும் வரவில்லை, பணமும் வரவில்லை. பெட்டி வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது தில்லி. பட்டியல் சாதிப் பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்கவைக்க மத்திய அரசு தரும் உதவித்தொகை. கட்டணம், சாப்பாடு, விமானம் எல்லாம் அதில் அடக்கம். நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு பஸ்ஸில் உட்காரவைத்துவிடக்கூடிய எண்ணிக்கையில்தான் ஆட்களை எடுத்தார்கள். பல வருடங்களில் அந்த பஸ்ஸும் நிரம்புவதில்லை, ஏதாவது ஒரு சான்றிதழ் குறைந்து ஆட்கள் பாதி வழியில் இறங்கிவிடுவார்கள் என்று சொன்னார்கள். எழில்மதியிடம் ஒன்றைத் தவிர எல்லாச் சான்றிதழும் இருந்தன. குடும்ப வருமானம் மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு மிகாது என்று தாசில்தார் தரும் சான்றிதழ். கான்ட்ராக்ட் கூலியோடு முந்திரிக் கூலியைச் சேர்த்தாலும் பாதிகூட வராது என்பதால் அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

"பர்மனென்ட் ஆனா எவ்ளோப்பா தருவாங்க?"

"இருபத்தெட்டு வரும்னு சொல்லிக்கினாங்க."

எழில்மதி காகிதங்களை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள்.

"சரி விடுப்பா. நீ பர்மனென்ட் வாங்கு. நா வேற ஏதாவது பாத்துக்கறேன்."

அந்த "சரி விடுப்பா"வை அவள் மிகச் சாதாரணமாகச் சொன்னாள், கடையில் ஒரு சாமான் இல்லை என்றதும் சொல்வதுபோல. கொளஞ்சியப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பதினெட்டாம் பிளாக்கில் சோமசுந்தரம் வீட்டுத் தோட்டத்தைக் கொத்திக்கொடுப்பது வழக்கம். சோமசுந்தரம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கம்பெனியின் பெர்சனல் ஆபீசில் சீனியர் கிளார்க். ஊரில் இருந்த வீட்டை வங்கியில் வைத்துத் தன் மகன் சசிகுமாரை அமெரிக்காவில் படிக்கவைப்பதால், வெளிநாட்டுப் படிப்பு விஷயத்தில் பதினெட்டாம் பிளாக்குக்கே அவர்தான் கடைசி வார்த்தை. தில்லி அறிவிப்பை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக்கொடுத்தவரும் அவரே. எட்டுப் பக்கம் வந்ததும் பிரிண்டரில் காகிதம் தீர்ந்தது. ஒன்பதாவது பக்கத்தை யாரும் தேடவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துதான் இருக்கும் என்று சோமசுந்தரம் சொல்லிவிட்டார்.

"ரெண்டையும் வாங்கிக்க முடியாதுங்களா சார்?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன், செம்பருத்திக்குப் பாத்தி கட்டிக்கொண்டே.

"நீ என்னய்யா, கல்யாண வீட்டுல சாம்பார் கேக்கிற மாதிரி கேக்கிற? ஆர்டர்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே நீ இருபத்தெட்டாயிரம் ரூபா ஆள். டெல்லிக்காரனுக்கு நீ பணக்காரன்."

"அப்ப அந்த மெட்ராஸ் டிரஸ்ட்டு? பர்மனென்ட்டு ஜாமீன் கேட்டாங்களே. நானே போடலாங்களா?"

"மூணு வருஷச் சீட்டு வேணும். அவனுக்கு நீ புதுப் பணக்காரன். புதுப் பணக்காரனை எவனும் நம்ப மாட்டான்."

"ஆர்டரைக் கொஞ்ச நாள் கழிச்சு வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுத்தா?"

சோமசுந்தரம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "முப்பத்தெட்டாவது ஆள் ஒனக்கு மாலை போடுவான். பதினஞ்சு நாள்ல ஜாயின் பண்ணலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும் கொளஞ்சி. அப்படியெல்லாம் எழுதிக் கிழுதித் தொலைச்சிராத."

அரசாங்கம் என்பது ஒரே ஆள், பல மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார் என்பது கொளஞ்சியப்பனின் எண்ணம். கம்பெனியும் சர்க்கார், தாலுகா ஆபீசும் சர்க்கார், தில்லியும் சர்க்கார். ஒரு மேசையில் எழுதியது இன்னொரு மேசைக்குத் தெரியாமல் போகுமா? ரேஷன் கார்டில் செங்கமலத்தின் வயதைத் தப்பாக எழுதியது வாக்காளர் அட்டை வரைக்கும் வந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆகவே சர்க்காரில் சேராத ஒரு மேசைக்குப் போனார்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் வாயால் வேண்டிக்கொள்வதோடு விடுவதில்லை, எழுதியும் கொடுப்பார்கள். காகிதத்தில் பிராது எழுதி, கோயிலுக்கும் உங்கள் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பிட்டு, தூரத்துக்கு ஏற்ற காசு கட்டி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிப்பார். காரியம் முடிந்ததும் வந்து, இன்ன தேதியில் கொடுத்த பிராது முடிந்தது என்று ராஜினாமா எழுதித் தீர்க்க வேண்டும். கொளஞ்சியப்பனுக்கு இந்த சாமியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் தன் பெயர்க்காரரிடம் அவர் ஒரு பிராது கட்டியிருந்தார்: பர்மனென்ட் வேண்டும், முப்பத்தைந்து கிலோமீட்டர். சாதிச் சான்று, அட்டெஸ்டேஷன், மூன்று நகல் எதுவும் கேட்காமல் அவருடைய மனுவை வாங்கிக்கொண்ட ஒரே அலுவலகம் அதுதான்.

சீட்டு கொடுப்பவர் கேட்டார். "புதுப் பிராதா, ராஜினாமாவா?"

"ரெண்டும் இல்லீங்க. வாய்தா."

"என்னது?"

"எட்டு வருசத்துக்கு மின்ன குடுத்ததுங்க. சாமி இப்பதான் எடுத்துருக்காரு. பொண்ணோட மனு டெல்லிக்குப் போற வரைக்கும், மூணு மாசம் தள்ளி வைக்கச் சொல்லணும்."

சீட்டு கொடுப்பவர் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெண், "குடுக்கறத வேணாங்குறவன இன்னிக்கித்தான் பாக்கறேன்," என்றாள்.

"தள்ளி வைக்கிறதுக்கெல்லாம் தனிச் சீட்டு கிடையாதுய்யா. புதுப் பிராதுன்னு போட்டுக்கறேன், என்ன வேணுமோ எழுதிக்க. பழைய பிராது தேதி ஞாபகம் இருக்கா?"

இல்லை. தேதி இல்லாமலே எழுதிக் கட்டிவிட்டு வந்தார். இரண்டு நாளில் ஆர்டர் தபாலில் வந்தது. மார்ச் ஐந்தாம் தேதி மருத்துவப் பரிசோதனை. சாமி பழைய பிராதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதைப் பிரிப்பார் போலும்.

ஆர்டரைக் காட்டியபோது சோமசுந்தரம் சும்மா ஒரு வார்த்தை சொன்னார். "பிரஷர் கிரஷர் இருந்தா இப்பவே மாத்திரை போட்டுக்கோ. போன பேட்ச்ல ரெண்டு பேருக்கு டெம்பரரி அன்ஃபிட்னு போட்டு மூணு மாசம் தள்ளிட்டாங்க."

"தள்ளுனா வேலை போயிடுங்களா சார்?"

"போகாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். லிஸ்ட்ல பேரு அப்படியே இருக்கும்."

கொளஞ்சியப்பன் ஐந்து நாள் கருவாடும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டார். ஐந்தாம் தேதி கம்பெனி ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், "ஒங்களுக்கு இருவது வயசுப் பையன் பிரஷருங்க," என்று வாழ்த்தினாள். நெஞ்சு சரி, மூத்திரம் சரி, காது சரி. இருபத்தொரு வருடம் மண் வாரிய உடம்பு அவருக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. கடைசியாகக் கண்.

ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே வர வர எறும்பாகச் சிறுக்கும். எட்டாவது வரை படித்தவருக்கு ஆங்கில எழுத்து தெரியும். கடைசி வரி தெரிந்தது. அதற்கும் கீழே, அட்டையை அடித்த அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் தெரிந்தன.

"படிங்க."

"ஈ."

"அடுத்த வரி."

"எஃப்பு... பீ."

"அடுத்தது."

கொளஞ்சியப்பன் கண்ணை இடுக்கினார். தலையைச் சாய்த்தார். வாழ்நாளில் முதன்முறையாக நடித்தார், மோசமாக.

"வட்டமா ஏதோ ஒண்ணு இருக்குங்க."

டாக்டருக்கு அன்று அறுபத்து நான்கு ஜோடிக் கண்கள். இரண்டு லென்ஸ் போட்டுப் பார்த்தார், இரண்டிலும் வட்டமாக ஏதோ ஒன்றுதான் இருந்தது. தற்காலிகத் தகுதியின்மை, மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை என்று எழுதி, விட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் சொன்னபோது எழில்மதி பதறிப்போனாள். பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று விசாரிக்கத் தெருமுனைக்கு ஓடினாள். செங்கமலம் பதறவில்லை. முறத்தில் இருந்த உளுத்தம்பருப்பை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கல்லு பொறுக்கிக் குடு."

வேறு யோசனையில் இருந்தவர் வரிசையாகப் பொறுக்கிப் போட்டார். ஏழு கல். ஒன்று கடுகைவிடச் சிறியது. போட்ட பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

"யோவ்," என்றாள் செங்கமலம். "ரெண்டு கக்கூஸுய்யா."

"மூணே மாசம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா போவ மாட்டா."

செங்கமலம் ஏழு கல்லையும் எடுத்து வெளியே வீசினாள். "அவ போவட்டும். அப்புறம் இருக்குது ஒனக்கு."

மார்ச் மூன்றாவது வாரம் அப்பாவும் மகளும் தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழ் வாங்கினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எழில்மதி அதை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள்.

"இதுல 2010-11 வருமானம்னு போட்டுருக்காங்கப்பா. நானும் கேட்டேன். இந்த ஸ்காலர்ஷிப்புக்கு முடிஞ்சுபோன வருஷக் கணக்குதான் கேப்பாங்களாம், ஒம்பதாம் பக்கத்துல இருக்கும், போயி படிம்மான்னு சொல்றாரு அந்த கிளார்க்கு."

"அப்டின்னா?"

"இந்த வருஷம் நீ எவ்ளோ சம்பாரிச்சாலும் அவங்களுக்கு அதப்பத்தி இல்ல. பர்மனென்ட் ஆயிருந்தாலும் ஒண்ணும் இல்ல." அவள் சிரித்தாள். "நாமதான் தேவையில்லாம பயந்துகினு கெடந்தோம். நல்லவேளை, நீ பாட்டுக்கு டெஸ்ட்டுக்குப் போன. கண்ணு மட்டும் சரியாவட்டும்."

கொளஞ்சியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டோரத்தில் முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமும் இலை இலையாகத் தெரிந்தது.

விண்ணப்பம் போயிற்று. அதோடு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அப்பாவும் மகளும் உறுதிமொழி ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள்: கொடுத்த தகவல்களில் ஏதேனும் பொய் என்று பின்னால் தெரிந்தால் முழுத்தொகையையும் வட்டியுடன் திருப்பிக் கட்டுவோம். நோட்டரி வாசித்துக் காட்டிய அந்த ஒரு வாக்கியம் மட்டும் கொளஞ்சியப்பனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜூன் மாதம் மறு பரிசோதனை. பட்டியலில் இருந்த மற்ற அறுபத்து மூன்று பேரும் நீலச் சட்டை போட்டு மூன்றாவது சம்பளம் வாங்கிவிட்டார்கள். இந்த முறை வேறு டாக்டர், தேவயானி என்று பெயர்ப்பலகை. கொளஞ்சியப்பன் தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த கண். படிங்க என்றதும் ஒரே மூச்சில் மேலிருந்து கீழே கடைசி வரி வரை படித்தார். நிறுத்தத் தெரியாமல் அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டார்.

டாக்டர் தேவயானி எழுந்துபோய் அட்டைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு பழைய தாளைப் பார்த்தார்.

"மூணு மாசத்துல என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"பொன்னாங்கண்ணிக் கீரைங்க."

"தினமுமா?"

"தினமுங்க."

"பதினாலு வருஷமா நான் கண் டாக்டர். பொன்னாங்கண்ணி நாலு வரி ஏத்தி நான் பாத்ததில்லை." அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "அன்னைக்கி வந்தது நீங்கதானா? இல்ல இன்னைக்கி வந்திருக்கறது நீங்கதானா?"

கண் தெரியாத கொளஞ்சியப்பனை வேலையில் சேர்க்க விதி இடம் தரவில்லை. கண் தெரியும் கொளஞ்சியப்பன் ஆள் மாறாட்டமாக இருக்கலாம். இரண்டு பேரையும் மெடிக்கல் போர்டு விசாரிக்கட்டும் என்று எழுதப்பட்டது. போர்டு வருடத்துக்கு இரண்டு முறை கூடும். அடுத்தது நவம்பர்.

ஆகஸ்டில் தில்லியின் தேர்வுப் பட்டியலில் எழில்மதியின் பெயர் வந்தது. செப்டம்பரில் சென்னை விமான நிலையக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனார்கள். செங்கமலம் முந்திரிப்பருப்பு இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். "தனியா தின்னாத, வெள்ளக்காரிங்களுக்கும் குடு. எங்கம்மா கையால உரிச்சதுன்னு சொல்லு."

"போயி மொதல் மாசமே ஒனக்குக் கண்ணாடிக்குப் பணம் அனுப்பறேன்ப்பா," என்றாள் எழில்மதி.

"அனுப்பு, அனுப்பு," என்றார் கொளஞ்சியப்பன்.

நவம்பரில் போர்டு கூடியது. மூன்று டாக்டர்கள், ஒரு பெர்சனல் ஆபீசர், பைல் எடுத்துத் தர சோமசுந்தரம். போட்டோவை முகத்தோடு ஒப்பிட்டார்கள், கைநாட்டை மறுபடியும் வைக்கச் சொன்னார்கள். இரண்டு முறையும் வந்தது ஒரே கொளஞ்சியப்பன்தான் என்று பதினைந்து நிமிடத்தில் உறுதியாயிற்று. ஆபீசர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார்.

"பாருங்க கொளஞ்சியப்பன். அன்னைக்கும் உங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. ஏதோ காரணத்துக்காகத் தெரியலைன்னு சொல்லியிருக்கீங்க. குடும்பக் கஷ்டமோ, ஏதாவது நேர்த்திக்கடனோ, எனக்குத் தெரியாது. என்ன காரணம்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க. ஒரு மெமோ குடுத்து முடிச்சிடுவோம். திங்கட்கிழமை ஜாயின் பண்ணலாம்."

சோமசுந்தரம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். எழுது என்று கண்ணால் சொன்னார்.

என்ன காரணம். மகள் ஸ்காலர்ஷிப்புக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்ட. கொளஞ்சியப்பன் அந்த வரியைத் தன் கையெழுத்தில் மனதுக்குள் எழுதிப் பார்த்தார். அது இந்த மேசையிலிருந்து எழுந்து தில்லி மேசைக்குப் போவது தெரிந்தது. தில்லிக்காரன் பத்திரத்தை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்து வாசிப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் யாரோ வகுப்பறைக் கதவைத் தட்டி எழில்மதி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது தெரிந்தது.

அந்தத் தாள் போயிருக்கக்கூடிய அதிகபட்ச தூரம், மேசையிலிருந்து பின்னால் இருந்த இரும்பு அலமாரி வரைக்கும். ஏழு அடி. தில்லிக்கே போயிருந்தாலும் மனுவில் பொய் எதுவும் இல்லை. கொளஞ்சியப்பனிடம் அதை யார் சொல்வது? அவர் யாரிடமும் கேட்கவில்லையே.

அவர் பேனாவை மூடித் தாளின்மேல் நேராக வைத்தார்.

"அன்னிக்கி நெஜமாவே தெரியலைங்க."

"இப்ப தெரியுதா?"

"இப்ப தெரியுதுங்க."

"அப்ப நாளைக்கு?"

"அத நாளைக்கிதாங்க சொல்ல முடியும்."

டாக்டர் ஒருவர் இருமினார், சிரிப்பை அடக்கியதுபோல இருந்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. "இருபத்தொரு வருஷம் சர்வீஸ்யா உமக்கு," என்றார், அவருக்கே நஷ்டம் வந்ததுபோல. பிறகு போர்டு எழுதியது: நிலையற்ற பார்வை. சுரங்கப் பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர்.

கொளஞ்சியப்பன் எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"கான்ட்ராக்ட்டுல இருக்கலாங்களா?"

ஆபீசர் சோமசுந்தரத்தைப் பார்த்தார்.

"கான்ட்ராக்ட்டுக்கு மெடிக்கல் கிடையாது," என்றார் சோமசுந்தரம்.

மறுநாள் இரண்டாம் ஷிப்டுக்குப் போனார். அதே சுரங்கம், அதே பெல்ட். மேஸ்திரி வேணு அவரைப் பார்த்ததும் கையில் விசில் ஒன்றைக் கொடுத்தான். "மண்ணு வாரறத சின்னப் பசங்க பாத்துக்கட்டும். நீ மேல ஏறி நின்னுகினு பெல்ட்ட பாரு. எங்கியாவது கிழிசல் கண்ணுல பட்டுச்சுன்னா ஊது."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எழுதிக் குடுத்துருக்காங்க வேணு."

"எழுதுனவன் இங்க வந்து பெல்ட்ட பாப்பானா? ஏறு."

மேலே இருந்து பார்த்தால் சுரங்கம் முழுவதும் விரிந்து கிடந்தது. ஐந்து மணி வாக்கில் டீ இடைவேளையில் போன் அடித்தது. இங்கிலாந்தில் அப்போது மத்தியானம் ஆகவில்லை.

"அப்பா, போர்டுல என்ன சொன்னாங்க?"

"இன்னும் பாக்கறோம்னாங்க. நீ சாப்ட்டியா?"

"சாப்டேன். கண்ணாடி போட்டுக்கினு இருக்கியா?"

"போட்டுக்கினுதான் இருக்கேன்."

"சரி, ஒண்ணு சொல்லு. வெள்ளிக்கெழம நா கிளாஸ்ல நம்ம ஊரப்பத்திப் பேசணும். பூமிக்கடியிலேருந்து தண்ணி எடுக்கறாங்க இல்ல, அந்தப் பம்ப்பு. நீ இருக்கற பக்கம் எத்தினி இருக்கும், சும்மா தோராயமா?"

கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தார். பள்ளத்தின் எதிர்க்கரை ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. மாலை வெயிலில் வெள்ளைக் குழாய்கள் வரிசையாக நின்றன.

"இரு. ஒண்ணு, ரெண்டு... பதினாலு இருக்குது. பன்னண்டு ஓடுது. கோடியில இருக்கற ரெண்டுல தண்ணி வரல. அதுல ஒண்ணுத்துல துணி சுத்தி வெச்சிருக்கானுவ, செவப்புத் துணி."



"எங்கேருந்துப்பா பாக்கற?" என்றாள் எழில்மதி.

கொளஞ்சியப்பன் கீழே பார்த்தார். வேணு டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நா எங்க பாத்தேன்," என்றார். "வேணு சொன்னான்."